நூல் ஏறாத தையல் மிஷின்

எங்கள் அத்தைக்குத் தையல் தெரியும் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கே தேவகோட்டையிலிருந்துதான் வந்தது.

கொண்டுவந்தவர் பெரியப்பா. ஏதோ வேலையாகத் தேவகோட்டைக்குப் போனவர், திரும்பும்போது அத்தைக்கு ஒரு சம்பந்தத்தோடு வந்தார். ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். கடையைப் பையன்தான் பார்க்கிறான். பையனுடைய அம்மா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியாகப் பெண்ணுக்குத் தையல் வருமா என்று கேட்டிருக்கிறார். கடைக்குப் பாவாடையும் ஜாக்கெட்டும் தைக்க வீட்டோடு ஒரு ஆள் இருந்தால் நல்லது என்பது அவருடைய எண்ணம். பெரியப்பாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது.

"தையலா? வீட்டுல சொந்த மிஷினே கெடக்குல்ல, அது எந்நேரமும் மிஷினும் கையுமாத்தான் இருக்கும்னு சொல்லிப்புட்டேன்" என்றார், அம்மா கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டே.

அப்பா, அம்மா, அத்தை மூவரும் ஒரே நேரத்தில் பெரியப்பாவைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் மிஷின் என்று சொல்லும்படியாக இருந்தது அப்பாவின் மளிகைக் கடைத் தராசு ஒன்றுதான். தையல் என்றால் அத்தைக்கு ஆகவே ஆகாது. முன்பு ஒரு மாதம் தையல் வகுப்புக்கு அனுப்பியபோது, தான் கட்டியிருந்த சேலையின் முந்தானையையும் சேர்த்து ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"என்ன அண்ணே இப்பிடிச் சொல்லிட்டு வந்துட்டீக" என்றாள் அத்தை.

"அட, ஆடி கழிஞ்சு ஆவணியிலதான் வாரோம்னு சொல்லியிருக்காக. ஒரு ஆடி மாசம் முழுசாக் கெடக்கு. மிஷின் வாங்கிப் போட்டா நீ பழகிக்கிற மாட்டியா?"

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அவள் வயதை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வந்த சம்பந்தங்கள் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போய்க்கொண்டே இருந்தன. இதையும் விட்டுவிடக் கூடாது என்பது அப்பாவின் முகத்தில் எழுதியிருந்தது. மறுநாளே அவர் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற கடைகள் இருக்கும் தெருவுக்குக் கிளம்பினார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். நானும் கூடப் போனேன்.

பெரிய பெரிய வீடுகளைப் பாகம் பிரிக்கும்போது வெளியே வருகிற சாமான்கள் எல்லாம் அந்தக் கடைகளில்தான் வந்து சேரும். பீங்கான் ஜாடி, இனாமல் அடுக்கு, கதவு, நிலை, சாமி படம், மான் கொம்பு. அவற்றுக்கு நடுவில், ஒரு உடைந்த நாற்காலிக்குப் பின்னால் அது நின்றது. கீழே இரும்பில் பூ வேலை செய்த கால்கள். மிதிப்பதற்கு ஒரு பலகை. பக்கத்தில் சக்கரம். மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்கு மேல் கொக்கு கழுத்தை நீட்டினாற்போல ஒரு இரும்புக் கை. கையின் நுனியில், துருப்பிடித்து ஒடிந்த ஊசி ஒன்று தொங்கியது.

கடைக்காரர் காலால் மிதித்துக் காட்டினார். சக்கரம் சுற்றியது. இரும்புக் கை மேலும் கீழும் ஆடியது.

"நெற்குப்பைப் பக்கம் ஒரு வீட்டுல இருந்து வந்துச்சு. வெளிநாட்டுச் சாமான். ஊசி ஒண்ணு மாட்டிட்டா போதும், பிச்சுக்கிட்டு ஓடும்."

"தையல் மிஷின்தானே?" என்று அப்பா கேட்டார்.

"காலால மிதிச்சா ஊசி மேலயும் கீழயும் போகுது. பின்ன என்ன, மாவு மிஷினா?" என்றார் கடைக்காரர்.

அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். கைவண்டியில் ஏற்றி, நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போல வீடு வந்து சேர்ந்தோம். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "தங்கச்சிக்குத் தையல் மிஷின்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று மாலை முழுவதும் எங்கள் வீட்டில் நூல் போடுகிற இடத்தைத் தேடினோம். நூல்கண்டை மாட்டுவதற்கு முளை இல்லை. அடிநூல் வைக்கும் டப்பா இல்லை. அப்பா தரையில் மல்லாந்து படுத்து அடியிலிருந்து பார்த்தார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து பார்த்தார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பழைய மாடலு. நூலு உள்ளுக்குள்ளயே இருக்குமோ என்னமோ" என்றார் பெரியப்பா.

"உள்ளுக்குள்ள இருந்தா தீந்துபோனா என்ன செய்வாக?" என்றாள் அம்மா.

அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றைத் தட்டின் மேல் வைத்து மிதித்துப் பார்த்தார்கள். ஒடிந்த ஊசி துணியைக் கடித்துக் கிழிக்க, சக்கரம் நின்றது. அத்தை அதுவரை சுவரோரமாக நின்று, தலைக்கு மேல் வந்துவிட்ட ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வந்து, துணியை மெல்ல விடுவித்து, அந்த ஒடிந்த ஊசியை விரலால் தடவினாள். பிறகு விரலை எடுத்துப் பார்த்தாள். சின்னதாக ரத்தம் பொட்டு வைத்திருந்தது.

"அண்ணே, இந்த ஊசிக்குக் காது இல்ல" என்றாள். "பல்லுதான் இருக்கு."

சேலைத் துண்டை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஊசியைக் குனிந்து பார்த்தோம். உண்மைதான். தலைமுடியை விடக் கொஞ்சமே தடித்த கம்பியில், ஒரு பக்கம் முழுக்கப் பல். பொடிப் பொடியாக, எறும்புக்குப் பல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அது மரம் அறுக்கிற மிஷின். நேராக அறுப்பதற்கு இல்லை, மெல்லிய பலகையில் வளைத்து வளைத்துப் பூவும் கொடியும் அறுப்பதற்கு. யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர் கப்பலில் போன இடத்திலிருந்து ஆசைப்பட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, அது தைக்காது என்பது மட்டும்தான்.

அப்பா திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார். ஆனால் தெருத் தெருவாகத் தையல் மிஷின் என்று சொல்லிக்கொண்டு வந்ததை, மறுபடி தெருத் தெருவாக எப்படித் திரும்பக் கொண்டுபோவது? பெரியப்பாதான் வழி சொன்னார்.

"பாக்குறதுக்குத் தையல் மிஷின் மாதிரித்தான இருக்கு. பட்டாசாலையில வச்சு மேல ஒரு துணியைப் போட்டு மூடிருங்க. காலு மட்டும் வெளிய தெரியட்டும். வாரவுக என்ன, தச்சா பாக்கப் போறாக?"

அப்படியாக அது வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில், ஒரு போர்வைக்குள், கால் மட்டும் தெரிய நின்றது. ஆனால் போர்வை இரண்டு நாள் கூட அதன் மேல் தங்கவில்லை.

மூன்றாம் நாளோ என்னவோ, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை தரையில் உட்கார்ந்து அதன் கால்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். துரு உதிர உதிர, உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு பளபளப்பு வந்தது. மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டாள். தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். சக்கரத்தில் இற்றுப்போயிருந்த பழைய பட்டைக்குப் பதிலாக, தையல் மிஷின் ரிப்பேர் கடையில் தோல் பட்டை ஒன்று வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். பட்டையை மாட்டி மிதித்தபோது, அந்த இரும்புக் கை சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. மூச்சு விடுவது போல இருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை அத்தை எழுப்பிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஊசிக்குத்தான் வழி இல்லை. ஒடிந்த துண்டை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை தெருக்கோடியில் இருந்த நகை செய்யும் பத்தரிடம் போனாள். அவர் அதைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம வாள் கம்பி மாதிரியில்ல இருக்கு. பதக்கத்துல பூ அறுக்க நாங்க வில்லுல கட்டி அறுப்போமே, அதேதான். இது உனக்கு எதுக்குத்தா?" என்றார்.

"தைக்கிறதுக்கு" என்றாள் அத்தை, சிரிக்காமல்.

பத்தர் சிரித்துவிட்டு, ஒரு சின்னக் கட்டுக் கம்பியைக் கொடுத்தார்.

முதல் கம்பியைப் பல் மேல் நோக்கி இருக்கும்படி மாட்டினோம். பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? அப்பாவின் கடைக்குத் தேயிலை வந்த பெட்டியின் பலகை எங்களிடம் இருந்தது. மெல்லியது, ஆனால் உறுதியானது. அதை வைத்து அத்தை மிதித்ததுதான் தாமதம், பலகை கைக்குள் அடங்காமல் படபடவென்று துள்ளி, அவள் மோவாயில் அடித்துவிட்டுப் போய் விழுந்தது. கம்பி இரண்டாக ஒடிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "மிஷின் வேணாம்னு பலகையே சொல்லுது" என்றாள்.

அத்தை மோவாயைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு அடுத்த கம்பியைத் தலைகீழாக மாட்டினாள். இப்போது பல் கீழே பார்த்தது. மிதித்தாள். பலகை துள்ளவில்லை. யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்துவைத்துக்கொண்டது போலத் தட்டோடு ஒட்டி உட்கார்ந்தது. கம்பி மரத்துக்குள் இறங்கியது. அது போன வழியில் மாவு மாவாகத் தூள் வந்து தட்டில் சேர்ந்தது. அத்தை ஒரு வாய் ஊதினாள். தூள் பறந்தது. கீழே, மரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு.

ஆச்சரியம் என்றால் என்ன என்று எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. மரத்தைக் கோடரியால் பிளந்து பார்த்திருக்கிறேன். பெரிய வாளால் இரண்டு பேர் இழுத்து அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். மரம் என்றால் சத்தம் போட்டுத்தான் வழிவிடும் என்று நினைத்திருந்தேன். இங்கே அது தண்ணீரில் மீன் போவது போல வழிவிட்டது.

ஆனால் வளைவுதான் வரவில்லை. அத்தை கம்பியை வளைக்கப் பார்ப்பாள், அது டிங்கென்று ஒடியும். மார்கழியில் எங்கள் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவள் அவள். தெருப் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கையைச் சுற்றிச் சுற்றியே பழகியவளுக்கு அதே கை இங்கே தப்பாக வந்தது. ஒரு நாள் மதியம் திடீரென்று என்னைக் கூப்பிட்டு, "இங்குட்டு வாடா. கோலம் போடுறப்ப தரை சும்மா கெடக்கு, நாம சுத்துறோம். இதுல நாம சும்மா இருக்கணும். தரையைத்தான் சுத்தணும்" என்றாள். சொல்லிவிட்டுப் பலகையை மட்டும் மெல்லத் திருப்பினாள். கம்பி நின்ற இடத்திலேயே நின்று ஏறி இறங்கியது. பலகை அதைச் சுற்றி வந்தது. ஒரு மர மாங்காய் முழுசாக வந்து என் கையில் விழுந்தது. விளிம்பு சூடாக இருந்தது. அதை நான் சாப்பிடுகிறபோது கூடக் கீழே வைக்கவில்லை.

அதன் பிறகு ஆடி மாதம் எப்படிப் போயிற்று என்று தெரியாது. மாங்காய், இலை, கிளி, வாத்து. தேயிலைப் பெட்டிகள் தீர்ந்து, அப்பாவின் கடையிலிருந்து சோப்புப் பெட்டிகள் வந்தன. கம்பியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அத்தை காதை வைத்துச் சொன்னாள். விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பி போலப் பேச வேண்டும், மொத்தென்றால் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பலகையைத் தள்ளக் கூடாது, அது போகிற வேகத்துக்குக் கூடவே போக வேண்டும் என்றாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. இரும்பு சொல்லியிருக்க வேண்டும், அல்லது மரம்.

ஒன்று மட்டும் அவளை மடக்கிப் போட்டது. கோலத்துக்கு உள்ளே கண் கண்ணாக இருக்குமே, அவற்றை அறுத்தெடுக்க முடியவில்லை. கம்பி வெளியிலிருந்துதான் உள்ளே போக முடியும். போகிற வழியில் கோலமே வெட்டுப்பட்டுப் போகும். பல நாள் இதையே பேசிக்கொண்டிருந்தாள். அம்மா பொறுமை இழந்து, "அதை விடு. இந்தப் பயலோட டவுசருக்குப் பட்டன் தச்சுக் குடு. ஆவணி பொறந்தா உன்னையத் தையக்காரின்னு வேற பாக்க வாராக" என்று ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தாள்.

அத்தை அலுப்போடு நூலை எச்சிலில் நனைத்து ஊசிக்காதில் நுழைத்தாள். நுழைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நூலை வெளியே இழுத்தாள். மறுபடி நுழைத்தாள். எனக்குப் பட்டன் இல்லாமல் டவுசர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மதினி! அந்தக் கம்பிதான் நூலு!" என்று கத்தினாள். "நாம ஊசியிலயே காதைத் தேடிக்கிட்டு இருந்தோம். காது பலகையிலயில்ல இருக்கணும்!"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை அடுப்பில் ஒரு ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து, பலகையின் நடுவில் வைத்து அழுத்தினாள். புகையும் வாசமுமாக ஒரு சின்னத் துளை விழுந்தது. மிஷினிலிருந்து கம்பியின் ஒரு முனையை அவிழ்த்தாள். அந்தத் துளைக்குள் கம்பியைக் கோர்த்து, மறுபடி முனையைத் திருகி இறுக்கினாள். மிதித்தாள். பலகைக்கு வெளியே எந்த வெட்டும் இல்லாமல், நட்டநடுவில், ஒரு கண் திறந்தது. பலகையைக் கழற்றித் தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியாக அத்தையின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சாமிக்குக் கண் திறக்கிறார்கள் என்று சொல்வார்களே, அதை நான் பார்த்ததில்லை. இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணி பிறந்தது. தேவகோட்டைக்காரர்கள் வருகிற நாளும் வந்தது.

பெரியப்பா காலையிலேயே வந்து மிஷினுக்குப் போர்வை போட்டார். அப்பா அதற்கு மேல் ஒரு படி போய், தோல் பட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஓட்டிக் காட்டச் சொன்னால், பட்டை அறுந்துவிட்டது, ஆள் வரச் சொல்லியிருக்கிறது என்று சொல்வதாக ஏற்பாடு. அத்தையிடம் சொன்னார்கள். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

பையனும் அவனுடைய அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். எனக்குப் புது ஆட்களைக் கண்டால் வாய் திறக்காது. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பையனுடைய அம்மா தடித்த கண்ணாடி போட்டவர், நல்ல பேச்சுக்காரர். பணியாரத்தைச் சாப்பிட்டார், கும்பிட்ட அத்தையை அருகே உட்காரவைத்துக்கொண்டார், கையைப் பிடித்துப் பார்த்தார்.

"வெரலு நீளமா இருக்கு. தையலுக்கு ஏத்த வெரலு" என்றார். பிறகு போர்வைக்கு அடியில் தெரிந்த இரும்புக் கால்களைப் பார்த்து, "இதான் ஒன் மிஷினா தாயி? கொஞ்சம் ஓட்டேன், பாப்போம்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அது வந்து, பட்டை அந்து போச்சுங்க. ஆளு வரச் சொல்லியிருக்கு. இன்னைக்கு நாளைக்குள்ள…"

"ஒங்களுக்குக் காட்ட எங்களுக்குக் குடுத்து வைக்கல பாருங்க" என்று பெரியப்பா சேர்த்துக்கொண்டார்.

அத்தை எழுந்தாள். மிஷின் அருகே போனாள். போர்வையை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு அப்பாவின் முன்னால் வந்து நின்று, தணிந்த குரலில், "அண்ணே, பட்டை ஒங்க சட்டைப் பையிலதான் இருக்கு" என்று கையை நீட்டினாள்.

அந்த ஒரு கணத்தில் அப்பாவின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. பை வேறு புடைத்துக்கொண்டு நின்றது. அவர் பட்டையை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெளியே வானத்தைப் பார்த்தார்.

அத்தை பட்டையை மாட்டினாள். அலமாரியிலிருந்து, பென்சிலால் கோலம் வரைந்து துளை போட்டு வைத்திருந்த பலகை ஒன்றை எடுத்தாள். உட்கார்ந்தாள். கம்பியின் முனையை அவிழ்த்து, துளைக்குள் கோர்த்து இறுக்கினாள்.

பையனுடைய அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அங்க பாருடா, எவ்வளவு நிதானமா ஊசி கோக்குறா" என்று மகனிடம் சொன்னார்.

அத்தை மிதித்தாள். பலகை அவள் கைக்குள் சுற்றிக்கொண்டே வந்தது. தூள் விழுந்து, கட்டியிருந்த பட்டுச் சேலையில் படிந்தது. அவள் அதைத் தட்டவும் இல்லை. ஒரு கண் விழுந்தது. கம்பியை அவிழ்த்து அடுத்த துளைக்குள் கோர்த்தாள். இன்னொரு கண். அந்தக் கோடு எங்கும் தடுமாறவில்லை. பென்சில் போன வழியிலேயே போய், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது. நான் பயத்தையெல்லாம் மறந்து கதவை விட்டு வெளியே வந்து நின்றிருந்தேன்.

"இது என்னது, பலகையை அறுக்குது?" என்று கேட்டார் பையனுடைய அம்மா, வெகுநேரம் கழித்து.

"ஆமாங்க. எனக்குத் தையல் வராது. இதுதான் வரும்" என்றாள் அத்தை.

பெரியப்பா ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. ஆனால் பையன் எழுந்து மிஷின் அருகில் வந்தான். அறுத்த பலகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

"வெளிய வெட்டே இல்லாம நடுவுல எப்பிடிப் போச்சு இது?" என்று கேட்டான்.

அதுவரை தலையைக் குனிந்தே இருந்த அத்தை அப்போதுதான் நிமிர்ந்தாள். கம்பியை அவிழ்த்துக் காட்டி, கோர்த்துக் காட்டி, சுண்டிக் காட்டினாள். அவனும் சுண்டிப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அவன் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். கம்பியை ஒடித்துவிடுவானோ என்று எனக்குக் கவலை. மிஷினை அவ்வளவு ஆசையாகப் பார்க்கிறானே, கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவானோ என்ற கவலை அதைவிடப் பெரியது.

அவர்கள் போன பிறகு அப்பா நேரே கடைக்குப் போய்விட்டார். அத்தை ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். பெரிய பலகை ஒன்றில், அதுவரை போட்டதிலேயே பெரிய கோலம் ஒன்றை வரைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒரு மதியம் பெரியப்பா வேர்க்க விறுவிறுக்க வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சிருச்சுப்பா! பொண்ணைப் புடிச்சிருச்சாம். பையனுக்கு ரொம்பப் புடிச்சிருச்சாம். தையலுகூடப் பின்னால பழகிக்கிறலாம்னு சொல்லிட்டாக."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைதான் அந்தம்மா சொன்னாக. பொம்பளப்புள்ள மரம் அறுக்குறதை நாலு பேரு பாத்தா நல்லா இருக்காதாம். இந்த மிஷினை மட்டும் இங்கயே விட்டுட்டு வரணுமாம். அவுகளே புதுத் தையல் மிஷின் வாங்கித் தாராகளாம், புதுசு!"

"இவ்வளவுதானே" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. மிஷின் எங்கள் வீட்டைவிட்டுப் போகாது! அத்தையிடம் ஓடினேன். அவள் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். பலகை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதான் சொன்னேனே, அந்தம்மா…"

"அந்தம்மா இல்ல அண்ணே. அவுக."

பெரியப்பா சிரித்தார். "பையனா? அவரு என்ன சொல்லுவாரு? பக்கத்துலதான் ஒக்காந்திருந்தாரு. அம்மா சொன்னா சரிங்கிற தங்கமான பையன்."

சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அவுகளும் அங்குட்டே இருக்கட்டும்" என்றாள் அத்தை. "மிஷினு இங்குட்டு இருக்கட்டும்."

அப்பா அவளை இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அம்மா மட்டும் அத்தையின் முதுகை ஒரு தரம் தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். எல்லோரும் ஏன் இப்படி ஆகிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அவர்கள் ஒன்றை விட்டுவிட்டு வரச் சொன்னால், நாமும் ஒன்றை விட்டுவிடுகிறோம், கணக்குச் சரியாகிவிட்டது.

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது. அதன் பிறகு எங்கள் வாசலில் அப்படி யாரும் வந்து செருப்பைக் கழற்ற வெகுகாலம் ஆயிற்று.

பெரியப்பா வந்துபோன அன்று சாயங்காலமே அத்தை அந்தப் பெரிய கோலத்தை முடித்துவிட்டாள். தூளை ஊதி, துணியால் துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தாள். நான் எப்போதும் போல விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனேன். உள்ளே போய், வெளியே வந்து, பின்னிப் பின்னிப் போகிற கோடு. ஓரிடத்தில் விரல் தடுக்கியது. பென்சில் ஒரு பக்கம் போக, அறுத்த கோடு கொஞ்சம் வெளியே ஓடி, மறுபடி திரும்பி வந்து சேர்ந்திருந்தது. அத்தையின் கையில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"அத்தை, இந்த எடத்துல மட்டும் ஏன் கோணிப்போச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"தெருவுல பெரிய வண்டி ஒண்ணு போச்சுல்லடா. தரை ஆடிருச்சு" என்றாள்.

நான் வாசலுக்கு ஓடிப்போய் இரண்டு பக்கமும் பார்த்தேன். தெரு நெடுக வெயில்தான் கிடந்தது. அவ்வளவு பெரிய வண்டியை நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று எனக்கு ஒரே வருத்தமாகப் போய்விட்டது.